லைன் மெக்சிகோவுக்குப் போகிறதாம், வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள்

வத்தளைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். தொழில் சட்டம் தெரிந்தவர்களோ, இப்படி ஒன்றை ஏற்கனவே பட்டு அனுபவித்தவர்களோ யாராவது இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள்.

நான் வேலை செய்வது வர்த்தக வலயத்தில் இருக்கிற ஒரு மருத்துவ சாதனக் கொம்பனியில், பெயர் வேண்டாம். சேலைன் ஏற்றுகிற குழாய் செட், அதன் இணைப்புகள், வால்வு, இந்த மாதிரிச் சாமான்கள். குழாய் வெளிநாட்டிலிருந்து சுருளாக வரும், நாங்கள் இங்கே வெட்டி, ஒட்டி, கசிவு பார்த்து, பையில் போட்டு சீல் அடித்து அனுப்புவோம். எனக்கு 11 வருட சேவை, இப்போது லைன் லீடர். கிளீன் ரூம் வேலை என்பதால் பொட்டு வைக்க முடியாது, வளையல் போட முடியாது, கண் மை கூட இல்லை, ஆனால் ஆடைத் தொழிற்சாலையை விட மரியாதையான வேலை என்று ஊரில் சொல்லிக்கொள்வோம். அம்மா ஹட்டனில், தம்பி கெம்பஸில், இரண்டு பேருக்கும் என் சம்பளம்தான் போகிறது.

தாய்க் கொம்பனியை இன்னொரு பெரிய கொம்பனி வாங்கிவிட்டது. அவர்களுக்கு மெக்சிகோவில் ஏற்கனவே பெரிய பிளாண்ட் இருக்கிறதாம். அதற்குப் பிறகு திடீரென்று ஓ.ரி. (மேலதிக நேர வேலை) கூடியது, போயா என்கிற பௌர்ணமி விடுமுறையிலும் வரச் சொன்னார்கள், ஓடர் நிறைய வந்திருக்கிறது என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். பிறகு பார்த்தால் அந்தச் சாமான் எதுவும் கப்பலேறவில்லை, வெளியே ஒரு களஞ்சியத்தை வாடகைக்கு எடுத்து அங்கே அடுக்குகிறார்கள். இரண்டு வெளிநாட்டு என்ஜினியர்மார் வந்து நாங்கள் குழாயைப் பிடிக்கிற விதம், பசை தடவுகிற விதம், எல்லாவற்றையும் கைக்குக் கிட்ட கமராவை வைத்து வீடியோ எடுத்தார்கள். பாகங்களை வார்க்கிற மோல்டுகளில் மஞ்சள் அட்டை தொங்குகிறது.

திங்கட்கிழமை எச்.ஆர். ஐந்து ஐந்து பேராகக் கூப்பிட்டு, "விருப்ப ஓய்வு" என்று ஒரு படிவம் தந்தார்கள். படிவம் ஆங்கிலத்தில், விளக்கம் சிங்களத்தில். பணிக்கொடையும் சேர்த்து மொத்தம் எட்டு மாதச் சம்பளம். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டால்தான் இது, பிறகு போட்டால் சட்டப்படி உள்ளது மட்டும்தான் என்று சொல்கிறார்கள். சிலர் அங்கேயே போட்டுவிட்டார்கள். நான் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

போடலாமா? போடாவிட்டால் ஒன்றுமில்லாமல் போய்விடுமா? ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசை இப்போதே எடுக்க முடியுமா? அதோடு, இவ்வளவு கெதியாக ஒரு பெக்டரியை மூடிக்கொண்டு போகத்தான் முடியுமா?

பியகம பஸ்:

போடாதீங்க அக்கா. எங்கள் இடத்தில் 2022க்குப் பிறகு கையுறை விலை விழுந்தபோது இதே கதைதான். கொரோனா நேரம் உலகம் முழுக்கக் கையுறைக்கு அடிபட்டது, ஆட்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எடுத்தார்கள், பிறகு மலேசியாவிலும் சீனாவிலும் மெசினுக்கு மேல் மெசின் போட்டு விலை கீழே வந்ததும் ஒரு லைனை நிறுத்தினார்கள். அன்றைக்கே கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஒரு தொகை, இழுத்தடித்தவர்களுக்கு வேறு தொகை. யாருக்குக் கூடக் கிடைத்தது என்று நான் சொல்லத் தேவையில்லைதானே.

அந்தப் படிவத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறீங்களா? இல்லையென்றால் நாளைக்கு முதல் வேலை அதுதான்.

பழைய செயலாளர்:

தங்கச்சி, நான் நெடுநாள் தொழிற்சங்கத்தில் இருந்தவன், இப்போது ஓய்வு. ஒழுங்காக வாசியுங்கள், கொஞ்சம் நீளம்.

உங்களைக் காப்பாற்றுகிற சட்டம் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் பற்றிய விசேட ஏற்பாடுகள். 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற தனியார் இடங்களுக்குச் செல்லும், ஆள் கடைசி 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒரு தொழிலாளியை நிறுத்துவதென்றால் முதலாளிக்கு இரண்டே வழிதான். ஒன்று, தொழிலாளி தானாக எழுத்தில் சம்மதம் தர வேண்டும். இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். பெக்டரியை மூடுவதும் இதற்குள் வருகிறது, "நாங்கள் நாட்டை விட்டே போகிறோம்" என்பது தப்பும் வழி இல்லை.

இப்போது அந்த "விருப்ப ஓய்வு" படிவம் என்னவென்று புரிகிறதா? அதுதான் அந்த முதலாவது வழி. நீங்கள் போட்டுவிட்டால் ஆணையாளரிடம் போகிற வேலையே அவர்களுக்கு இல்லை. அதனால்தான் ஐந்து ஐந்து பேராகக் கூப்பிடுகிறார்கள், அதனால்தான் வெள்ளிக்கிழமை.

ஆணையாளரிடம் போனால் நட்டஈட்டுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது, 2005இல் வர்த்தமானியில் வந்தது. முதல் 5 வருடத்துக்கு வருடமொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம். 6ஆம் வருடத்திலிருந்து 14 வரை வருடத்துக்கு 2 மாதம். 15 முதல் 19 வரை ஒன்றரை, 20 முதல் 24 வரை ஒன்று, அதற்குப் பிறகு 34 வரை அரை மாதம். உச்சவரம்பு முன்பு பன்னிரண்டரை இலட்சமாக இருந்தது, 2021இல் 25 இலட்சமாக்கினார்கள்.

உங்கள் கணக்கு: 5 வருடத்துக்குப் பன்னிரண்டரை, மிச்சம் 6 வருடத்துக்குப் பன்னிரண்டு, மொத்தம் இருபத்துநான்கரை மாதம். பணிக்கொடை இதற்குள் வராது, அது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், வேறு உரிமை. 5 வருடம் முடித்த எவருக்கும் வருடத்துக்கு அரை மாதம், உங்களுக்கு ஐந்தரை மாதம். எந்தக் காரணத்தால் வேலை முடிந்தாலும் அதைத் தர வேண்டும், 30 நாளுக்குள்.

ஆக அவர்கள் "எட்டு மாதம்" என்று சொல்வதில் ஐந்தரை ஏற்கனவே உங்கள் காசு. கூட்டித் தருவது இரண்டரை மாதம். சம்பளம் உதாரணத்துக்கு 60,000 என்று வைத்தால், சூத்திரப்படி 14 இலட்சத்து 70 ஆயிரம், பணிக்கொடை 3 இலட்சத்து 30 ஆயிரம், இரண்டும் 18 இலட்சம். அவர்கள் தருவது 4 இலட்சத்து 80 ஆயிரம். "பிறகு போட்டால் சட்டப்படி உள்ளது மட்டும்தான்" என்று பயமுறுத்தினார்களாமே, அந்தச் சட்டப்படி உள்ளதைத்தான் தங்கச்சி நாங்கள் கேட்கிறோம்!

ஒன்று சொல்ல வேண்டும், சூத்திரம் தானாக வந்து கையில் விழாது. விண்ணப்பம், விசாரணை, இரண்டு பக்க வாதம் எல்லாம் இருக்கும். கையில் வருகிற காசு பெரிது என்று போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், வீட்டு நிலைமை அவரவருக்கு. ஆனால் சூத்திரமும் பணிக்கொடையும் சேர்ந்த மொத்தத்தில் கால்வாசிக்கும் கொஞ்சம்தான் கூட வருகிற தொகைக்கு "விருப்பம்" என்று எழுதிக்கொடுப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

ஈ.பி.எஃப். பற்றி. பெக்டரி மூடியதற்காக எடுக்க முடியாது. பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55. பத்து வருடம் கட்டி, கணக்கில் 3 இலட்சத்துக்கு மேல் இருந்தால் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் எடுக்கலாம். ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) வேறு, அதை வேலை முடிந்தவுடன் எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான். முதலாளி 12 வீதமும் நீங்கள் 8 வீதமும் ஒழுங்காகக் கட்டுப்பட்டிருக்கிறதா என்று இப்போதே கணக்கைப் பாருங்கள். மூடிய பிறகு விடுபட்ட மாதங்களைத் தேடி அலைகிறவர்களை எத்தனையோ பேர் பார்த்துவிட்டேன்.

நாரஹேன்பிட்ட கிருல வீதியில் தொழில் திணைக்களத்தின் தலைமையகம். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், பயப்படாதீர்கள். ஒரு பிரதியை, வலயங்களைப் பார்க்கிற முதலீட்டுச் சபையின் கைத்தொழில் உறவுகள் பிரிவுக்கும் போடுங்கள். தனியாகப் போகாமல் பத்துப் பேராவது சேர்ந்து கையொப்பமிட்டுப் போங்கள்.

வெலிடேஷன் தலைவலி:

"இவ்வளவு கெதியாகப் போக முடியுமா" என்று கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன், தர உறுதிப் பிரிவில் இதே தொழில்தான் செய்கிறேன் (வேறு இடத்தில், தேட வேண்டாம்).

முடியாது. ஆடையென்றால் தையல் மெசினைக் கண்டெய்னரில் ஏற்றி அடுத்த மாதம் இன்னொரு நாட்டில் தைக்கலாம். 2025 மே மாதம் கட்டுநாயக்கவில் 1400 பேருக்கு மேல் ஒரே நாளில் வீட்டுக்குப் போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மருத்துவ சாதனம் அப்படியில்லை. உங்கள் செட் ஒன்று ஐரோப்பாவில் விற்கப்படுவதென்றால் அது எந்த இடத்தில் செய்யப்படுகிறது என்பது சான்றிதழோடு சேர்ந்த விசயம், இடம் மாறினால் சான்றளிக்கிற அமைப்புக்குச் சொல்லி அவர்கள் வந்து பார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும். அமெரிக்கா என்றால் சாமானின் ஆபத்து வகுப்பைப் பொறுத்தது. இதயத்துக்குள் வைக்கிற மாதிரிச் சாதனத்துக்கு இடமாற்றத்தை எஃப்.டி.ஏ. (அங்கே மருந்தையும் சாதனங்களையும் கட்டுப்படுத்துகிற அரசு அமைப்பு) முன்கூட்டியே அங்கீகரிக்க வேண்டும், குழாய் செட் மாதிரியானவற்றுக்குப் பெரும்பாலும் கொம்பனி தானே சோதித்து ஆவணம் வைத்தால் போதும். அந்த "ஆவணம் வைத்தால் போதும்" என்பதில்தான் எங்கள் தலைமுடி கொட்டுகிறது.

மோல்டை மெக்சிகோவில் இறக்கியவுடன் அது சரியாகப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று ஒரு சோதனை, எந்த வெப்பம் எந்த அழுத்தத்தில் நல்ல பாகம் வருகிறது என்று இன்னொன்று, பிறகு சாதாரண ஆட்கள் சாதாரண ஷிப்டில் செய்து தொடர்ந்து நல்லதாக வருகிறது என்று மூன்றாவது. பசை ஒட்டுகிற ஒவ்வொரு இடத்துக்கும் இழுத்துப் பார்க்கிற சோதனை. புது இடத்தில் எதிலீன் ஒக்சைட் கிருமிநீக்கம் செய்வதென்றால் அதற்குத் தனிச் சோதனை. பையின் சீல் மெசின் மாறினால் அந்தப் பை மூன்று வருடம் தாங்கும் என்று திரும்ப நிரூபிக்க வேண்டும். மூன்று வருடம் காத்திருக்க முடியாது என்பதால் 55 பாகை வெப்பத்தில் அடுப்புக்குள் வைத்துச் செயற்கையாக மூப்பாக்குவோம், வழக்கமான கணக்கில் ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய 46 நாள், மூன்று வருடத்துக்கு நாலரை மாதம். எவ்வளவு பெரிய கொம்பனியும் அந்த நாலரை மாதத்தை விரைவுபடுத்த முடியாது, அடுப்புக்கு அவசரம் தெரியாது.

அந்த இடைவெளியில் ஆஸ்பத்திரிகளுக்குச் சாமான் போய்க்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் களஞ்சியத்தில் அடுக்குகிறார்களே, அது அதற்குத்தான். ஓ.ரி. கூடியது, வீடியோ எடுத்தது, மஞ்சள் அட்டை, எல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே நடக்கிறது. ஆனால் அந்தக் கையிருப்பு போதாமல் போனால், அல்லது மெக்சிகோவில் முதல் மூன்று பட்ச்சில் ஒன்று கசிந்தால் (கசியும், எப்போதும் கசியும், ஏனென்றால் குழாயைச் சற்றுத் திருகிக்கொண்டே செருக வேண்டும் என்பது வேலை அறிவுறுத்தலில் எழுதியிருக்காது, உங்கள் லைனில் உள்ள பிள்ளைகளின் விரலுக்குத்தான் தெரியும்), அவர்களுக்கு நீங்கள் இன்னும் சில மாதம் வேண்டும்.

அதனால் வெள்ளிக்கிழமை என்பது எச்.ஆரின் வெள்ளிக்கிழமை. உற்பத்தித் திட்டத்தில் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை இல்லை. முதலில் எல்லோரிடமும் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "கடைசி வேலை நாளைப் பிறகு அறிவிப்போம்" என்று ஒரு வரி படிவத்தில் இருக்கும், பாருங்கள். இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். இப்படியான நேரத்தில் கடைசிவரை நின்று வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு போனஸ் கொடுப்பது வெளிநாடுகளில் சாதாரணம். அதைக் கேளுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை:

எல்லோரும் கொம்பனியைத் திட்டுகிறீர்கள், நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன். 1971 சட்டம் மாதிரி ஒரு சட்டம் இருப்பதால்தான் முதலீட்டாளன் இங்கே வரவே யோசிக்கிறான். ஆளை எடுத்தால் வெளியே அனுப்ப முடியாது, மின்சாரக் கட்டணம் அப்படி, அதோடு அமெரிக்க வரி வேறு வந்தது. 2025 ஏப்ரலில் 44 வீதம் என்றார்கள், ஜூலையில் 30, ஆகஸ்டில் 20. மெக்சிகோவில் செய்தால் அவர்களுடைய வர்த்தக ஒப்பந்தத்துக்குள் வருகிற சாமானுக்கு அப்போது அந்த வரியே இருக்கவில்லை, லொறியில் இரண்டு நாளில் போய்ச் சேரும். நானாக இருந்தாலும் மாற்றுவேன். தங்கச்சிக்கு நட்டஈடு வாங்கிக் கொடுங்கள், சரி, ஆனால் சூத்திரத்தைக் காட்டி விரட்டினால் மிச்சம் இருக்கிற நாலு கொம்பனியும் மூட்டையைக் கட்டும்.

பழைய செயலாளர்:

கணக்குப்பிள்ளை, அந்தச் சட்டம் இருக்கும்போதுதான் 1978இல் கட்டுநாயக்க வலயம் திறந்தது, பியகம அதற்கும் பிறகு. சட்டத்துக்கு வயது வலயங்களை விடக் கூட. வந்தவர்கள் எல்லாம் தெரிந்துதான் வந்தார்கள்.

கோல்வே திரும்பி:

நான் அயர்லாந்தில் சில காலம் இந்தத் துறையில் வேலை செய்துவிட்டு இப்போது வெள்ளவத்தையில். கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன், மெக்சிகோவுக்கு வரி காரணமாக ஒரு சாய்வு இருப்பது உண்மைதான். ஆனால் வரி, சட்டம் என்று கொம்பனிகள் சொல்கிற காரணத்தை அப்படியே விழுங்கக்கூடாது, அதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவிலேயே இருக்கிறது.

ஒபாமா காலத்துச் சுகாதாரச் சட்டத்தில் மருத்துவ சாதனங்களுக்கு 2.3 வீத விற்பனை வரி ஒன்று வந்தது, 2013 ஜனவரியில் தொடங்கியது. இதனால் பெக்டரிகளை மூடி வெளிநாடு போக வேண்டியிருக்கிறது என்று தொழில்துறை முழுக்கக் கூச்சல். ஆனால் அந்த வரி அமெரிக்காவில் விற்கிற சாமானுக்கு, அதை எங்கே செய்தாலும் சரி. கோஸ்டாரிகாவில் செய்து கொண்டுவந்தாலும் அதே 2.3, ஒஹாயோவில் செய்தாலும் அதே 2.3, அமெரிக்காவில் செய்து ஏற்றுமதி செய்தால் வரியே இல்லை. அப்படியானால் வெளியே போவதால் என்ன மிச்சம்? ஒன்றுமில்லை. 2016இல் நிறுத்திவைத்தார்கள், 2019 டிசம்பரில் முழுதாக எடுத்தார்கள், போன பெக்டரிகள் அதற்காகத் திரும்பி வரவில்லை. போனதற்குக் காரணம் வேறு. நுண்ணோக்கியின் கீழ் கையால் செய்கிற வேலை, சாமான் சிறியது, பாரமில்லை, விலை கூட, எனவே எங்கே செய்தாலும் கப்பல் கூலி ஒரு பொருட்டே இல்லை. வருமான வரியைக் குறைத்துக் காட்டுகிற நாடுகள் வாசலைத் திறந்து வைத்திருந்தன. இதெல்லாம் சேர்ந்துதான்.

புவெர்ட்டோ ரிக்கோவைப் பாருங்கள். அங்கே வரிச்சலுகைக்காகவே மருந்துக் கொம்பனிகளும் சாதனக் கொம்பனிகளும் குவிந்தன. 1996இல் அந்தச் சலுகையை எடுப்பதென்று முடிவாகி, பத்து வருடத்தில், 2006இல் முற்றாக நின்றது. அதன் பிறகு அந்தத் தீவின் பொருளாதாரம் என்ன ஆனது என்பது தெரிந்த கதை. சலுகைக்கு வந்தவன் சலுகை முடிய எழும்பிப் போவான், அதற்குத் தொழிலாளியின் நட்டஈட்டைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை.

ஆனால் மூடினால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. நான் இருந்த கோல்வே நகரத்தில் 1993இல் ஒரு பெரிய அமெரிக்கக் கணினிக் கொம்பனி, டிஜிட்டல், தன் உற்பத்தியை மூடியது, நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை போனது, ஊரே செத்த வீடு மாதிரி இருந்தது என்று வயதானவர்கள் சொல்வார்கள். அடுத்த வருடமே பொஸ்டன் சயன்டிஃபிக் வந்தது. இன்று அந்த நகரம் ஸ்டெண்ட், கதீட்டர் செய்வதில் உலகத்தில் பெயர் பெற்ற இடம். கோஸ்டாரிகாவிலும் 2014இல் இன்டெல் தன் பொருத்தும் பிரிவை மூடி 1500 பேரளவில் அனுப்பியது, அந்த ஆட்களில் பலரை மருத்துவ சாதனக் கொம்பனிகள் எடுத்துக்கொண்டன, இப்போது அந்த நாட்டின் முதல் ஏற்றுமதியே மருத்துவ சாதனம்தான்.

இரண்டு இடத்திலும் ஒன்று பொது. அரசாங்கமும் கல்லூரிகளும் உள்ளே இறங்கி, வேலை போன ஆட்களின் திறமையை அடுத்த கொம்பனிக்குக் காட்டின. இங்கே ஒரு லைன் மூடினால் கிளீன் ரூமில் வருடக்கணக்காக நின்ற பிள்ளைகள் மறுநாள் ஆடை பெக்டரியில் ஹெல்பராக நிற்கிறார்கள், அல்லது டுபாய் ஏஜென்சி வாசலில். எனக்குக் கோபம் வருவது அதற்குத்தான், மெக்சிகோக்காரன் மேல் இல்லை. அவனுக்கும் வீட்டில் அம்மா இருப்பாள்.

மேன்பவர் 3:

நானும் வலயத்தில்தான், ஆனால் கொம்பனி ஆள் இல்லை, ஏஜென்சி மூலம் நாள் சம்பளம். ஒரே லைன், ஒரே வேலை, தொப்பி நிறம் மட்டும் வேறு. எங்களுக்கு இந்த சூத்திரம் எல்லாம் இருக்கா? எங்களுக்குப் படிவம்கூடத் தரவில்லை, நாளைக்கு வர வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ்.

பழைய செயலாளர்:

தம்பி, கஷ்டமான கேள்வி. உங்கள் முதலாளி யார் என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. ஏஜென்சி "நாங்கள் ஆளை அனுப்பினோம், அவ்வளவுதான்" என்பான், கொம்பனி "எங்கள் ஆளே இல்லை" என்பான். ஈ.பி.எஃப். யாருடைய பெயரில் கட்டுப்பட்டது, கட்டுப்பட்டதா என்பதை முதலில் பாருங்கள். கட்டவில்லையென்றால் அதற்கு மட்டுமே ஒரு முறைப்பாடு செய்யலாம், திணைக்களம் அதைத் தேடிப் பிடிக்கும். யார் வேலை சொன்னது, யார் லீவு தந்தது, யார் வரவைப் பதிந்தது, இவற்றுக்கு ஆதாரம் சேருங்கள். அந்த வாட்ஸ்அப் மெசேஜை அழித்துவிடாதீர்கள். நல்ல முடிவு வரும் என்று பொய் சொல்ல மாட்டேன், இந்தச் சட்டத்தில் பெரிய ஓட்டை இருக்கிற இடமே இதுதான்.

வத்தளைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. செயலாளர் ஐயா, உங்கள் கணக்கை அச்சடித்து நாங்கள் தங்கியிருக்கிற போடிங்கில் சுவரில் ஒட்டிவிட்டோம்.

நடந்ததைச் சொல்கிறேன். வியாழக்கிழமை பதினான்கு பேர் சேர்ந்து, சிங்களப் பிள்ளைகளும் சேர்த்துத்தான், படிவத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் தாருங்கள், சூத்திரப்படி எவ்வளவு வருகிறது என்று எழுத்தில் தாருங்கள், பணிக்கொடையை வேறாகக் காட்டுங்கள் என்று ஒரு கடிதம் கொடுத்தோம். எச்.ஆர். அக்கா முகம் மாறியது. யார் எழுதித் தந்தது என்றுதான் முதல் கேள்வி. வெள்ளிக்கிழமை பின்னேரம் காலக்கெடுவை இரண்டு கிழமை தள்ளிவிட்டதாக அறிவிப்புப் பலகையில் போட்டார்கள். தொகையைப் பற்றி இன்னும் ஒன்றுமில்லை. திங்கட்கிழமை நாலு பேர் லீவு போட்டு நாரஹேன்பிட்டவுக்குப் போகிறோம்.

வெலிடேஷன் தலைவலி சொன்ன அந்த வரி படிவத்தில் அப்படியே இருக்கிறது, ஆறாவது பந்தி: கடைசி வேலை நாளை நிர்வாகம் தீர்மானிக்கும். அதோடு புதிய ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒத்துழைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. மெக்சிகோவிலிருந்து ஆறு பேர் அடுத்த மாதம் வருகிறார்களாம், என் லைனில்தான் நிற்பார்களாம்.

ஏற்கனவே கையெழுத்துப் போட்டவர்கள் திரும்பப் பெற முடியுமா? ஒரு பிள்ளை அழுதுகொண்டே இருக்கிறாள், ஆங்கிலத்தில் என்ன எழுதியிருந்தது என்றே தெரியாமல் போட்டிருக்கிறாள்.

வெலிடேஷன் தலைவலி:

ஆறு பேருக்கும் பழக்கும் வேலைக்கு வேறாகக் காசு கேளுங்கள். உங்கள் நியமனக் கடிதத்தில் பயிற்றுநர் வேலை இல்லை. போகும்போது சேவைக் கடிதத்தில் வெறும் "லைன் லீடர்" என்று எழுத விடாதீர்கள். ஐ.எஸ்.ஓ. 13485 தர முறையின் கீழ் எத்தனை வருடம், எந்த வகை கிளீன் ரூம், கசிவுச் சோதனை, சீல் சோதனை, இடமாற்றப் பயிற்சி கொடுத்தவர் என்று விபரமாக எழுதி வாங்குங்கள். பயிற்சிப் பதிவேட்டின் பிரதியும் வேண்டும், அது உங்கள் பெயரில் இருக்கிறது. இன்னொரு சாதனக் கொம்பனி முதலில் பார்ப்பது அதைத்தான்.

பழைய செயலாளர்:

அந்தப் பிள்ளையையும் திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள். விளங்காத மொழியில், யோசிக்க நேரம் கொடுக்காமல் எடுத்த சம்மதம் உண்மையான சம்மதம் இல்லை என்று வாதிடலாம், வெல்லும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் நாள் போகப் போக அந்த வாதம் பலவீனமாகும், காசை வாங்கிவிட்டால் இன்னும் பலவீனம். இன்றைக்கே ஒரு கடிதம், "நான் விளங்காமல் கையொப்பமிட்டேன், இதை மீளப் பெறுகிறேன்" என்று திகதியோடு எழுதி, பதிவுத் தபாலில் கொம்பனிக்கு அனுப்பச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைக்கட்டும்.

போகும்போது கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை, நியமனக் கடிதம், கடைசி ஒரு வருடச் சம்பளப் பத்திரங்கள், ஈ.பி.எஃப். இலக்கம், அந்தப் படிவம், உங்கள் பதினான்கு பேர் கொடுத்த கடிதத்தின் பிரதி. நேரத்தோடு போங்கள், திங்கட்கிழமைகளில் வரிசை நீளம்.